தெய்ஜி குடித்த டிராகன் எலும்புக் கஷாயம்

ஹிமி துறைமுகத்தில் குளிர்காலத்து முதல் இடி விழுந்தால் ஊரே சந்தோஷப்படும். அந்தச் சத்தத்தில்தான் புரி மீன் விழித்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக வலைக்கு வருகிறது என்று அங்கே பால் மணம் மாறாத பிள்ளைகூடச் சொல்லும். வானம் கறுத்துக் கடகடவென்று உருண்டதும் கிழவர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்து, முப்பத்தைந்து வருஷமாக முடிதிருத்தும் கடை நடத்திவரும் மோரிவாகி தெய்ஜி, இடி என்றால் வெலவெலத்துப் போகிற ஆளாக மாறினார். அதுவும் ஐம்பத்தெட்டு வயதில்.

எல்லாம் போன டிசம்பரில் ஆரம்பித்தது. அன்றைக்குக் காலை நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வலைச் சங்கத்தின் தலைவர் கின்பெய். அறுபத்தேழு வயது, தூண் மாதிரிக் கழுத்து. அவர் கிசுகிசுத்தால் படித்துறை வரைக்கும் கேட்கும். ஒரு கன்னம் முடிந்து, தெய்ஜி தாடைக்குக் கீழே கத்தியை வைத்திருந்த நேரத்தில் கூரைக்கு மேலேயே இடி இறங்கியது. தெருவில் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். தெய்ஜிக்கோ நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டது, வியர்த்துக் கொட்டியது, மூச்சு பாதியில் நின்றது. செத்துப்போகப் போகிறோம் என்று தோன்றியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் கூடவே வந்தது. இந்தக் கை தானாகவே கின்பெய்யின் கழுத்தை அறுத்துவிடும் என்ற பயம்.

கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு அவர் உள்ளே ஓடி, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். கின்பெய் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு நுரையைத் தானே துடைத்துக்கொண்டு, ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் முள்ளுமாக மீன் ஏலத்துக்குப் போனார். கேட்டவர்களிடம் இதுதான் டோக்கியோவில் புது ஸ்டைல் என்று சொன்னாராம். நம்பி இரண்டு பேர் அதேபோல் வைத்துக்கொண்டதாகவும் கேள்வி.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்து, இதயம் முப்பது வயதுக்காரனுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்ட மனைவி நோபுயோ, "இதயம் முப்பது, புத்தி மூணு. கூட்டிக் கழிச்சா நான் ஒரு சின்னப் பையனைக் கட்டியிருக்கேன்" என்றாள். நோபுயோவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையைக் கூட்டுவது, துண்டுகளை ஆவியில் சுடவைப்பது, வருகிறவர்களுக்குத் தேநீர் தருவது, புருஷனை வாருவது, இந்த நான்கும் அவள் பொறுப்பு.

அதற்குப் பிறகு கத்தியைக் கையில் எடுத்தாலே போதும், இடி இல்லாமலே இடி வந்தது. தெய்ஜி மணிக்கட்டில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, சுளுக்கு, கத்தரி மட்டும்தான் பிடிக்க முடியும், சவரம் கிடையாது என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். சுளுக்கு பத்து மாதம் இருந்தது. அவசரத்தில் சில நாள் அது இடது கைக்கு மாறிவிடும். காலையில் கடை திறக்கும்போது நோபுயோ கேட்பாள்: "இன்னிக்கு எந்தக் கைங்க? யாராவது கேட்டா நானும் அதையே சொல்லணும்ல?"

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் மகள் சிஹோவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, கின்பெய்யின் இளைய மகன், நகராட்சியில் வேலை. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாணம். மணப்பெண் வெள்ளைக் கிமோனோவில் கழுத்துப்பட்டையைப் பின்னால் இறக்கிக் கட்டிக்கொண்டு நிற்கும்போது ஊர் முழுக்கப் பிடரியைத்தான் பார்க்கும். அதனால் முதல் நாளே முகத்திலும் பிடரியிலும் இருக்கிற பூனைமுடியைக் கத்தி வைத்து எடுத்துவிடுவது வழக்கம். மற்ற பெண்கள் அதற்குக் கடைக்குப் போவார்கள். சிஹோ கடையிலேயே பிறந்தவள்.

"தகாவோகாவுல ஒரு அம்மா இருக்காங்க, கல்யாணப் பொண்ணுங்களுக்குன்னே பண்றவங்க. கை பூ மாதிரி இருக்கும்னு சொல்றாங்க" என்று தெய்ஜி மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

சிஹோ சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஊர்ல இருக்கிற அத்தனை பொண்ணுங்களுக்கும் நீங்க பண்ணிவிட்டிருக்கீங்க. எனக்கு மட்டும் தகாவோகாவா?"

"கை சுளுக்கும்மா."

"எந்தக் கை?"

தெய்ஜி இரண்டு கைகளையும் பார்த்தார். அன்றைக்குக் கட்டுப் போட மறந்திருந்தார்.

"நீங்க பண்ணலேன்னா முடியோடயே போறேன். பார்க்கிறவங்க பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முப்பத்தைந்து வருஷத் தொழிலில் தெய்ஜி ஆசைப்பட்டுக் காத்திருந்த ஒரே சவரம் அதுதான். அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

நோபுயோ அவரை ரயிலேற்றி, தகாவோகாவில் மூலிகை மருந்து தருகிற ஹிராசாவா டாக்டரிடம் கூட்டிப் போனாள். நாற்பது வயதுப் பெண், இங்கிலீஷ் மருத்துவமும் முறையாகப் படித்தவர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், குளிர் தாங்குமா, கனவு வருமா என்று கேட்டார்.

"சட்டுனு கோபம் வருமா?"

"வராது டாக்டர்."

"வரும்" என்றது திரைக்கு அந்தப் பக்கமிருந்து நோபுயோவின் குரல்.

"காலை நீட்டிப் படுங்க. வயித்தைப் பார்க்கணும்."

அங்கேதான் தாமதமானது. மேல்சட்டைக்கு அடியில் ஒரு வயிற்றுப் பட்டை இருந்தது. அதை இறக்கினால் இன்னொன்று. அதற்கும் கீழே கம்பளியில் மூன்றாவது. இடிக்காரன் வந்தால் பிள்ளைகளின் தொப்புளைப் பிடுங்கிக்கொண்டு போவான் என்று அந்த நாட்டில் குழந்தைகளைப் பயமுறுத்துவதுண்டு. குழந்தைகள் தொப்புளைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், ஐந்தாறு வயதில் அது விட்டுப்போகும். தெய்ஜிக்கு ஐம்பத்தெட்டில் திரும்பி வந்திருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. விரல்களைத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வைத்து மெதுவாக அழுத்தினார். "இங்க எப்படித் துடிக்குது பாருங்க. நீங்களே கை வச்சுப் பாருங்க."

தெய்ஜி கை வைத்தார். உள்ளே திக்திக்கென்று என்னவோ குதித்துக்கொண்டிருந்தது.

"வெளியில இடிக்கலேன்னாலும் உங்களுக்கு உள்ள இடிச்சுக்கிட்டேதான் இருக்கு. பாதி நாள் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கீங்க" என்ற டாக்டர், சீட்டு எழுதினார். வேர்கள், இஞ்சி, பட்டை, இலந்தைப்பழம், சிப்பி ஓடு, டிராகன் எலும்பு.

தெய்ஜி எழுந்து உட்கார்ந்தார். "டிராகனா?"

"பேருதான் அப்படி. பழைய காலத்து மிருகங்களோட எலும்பு, மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப் போனது. பதறுற உடம்பை அமத்தும்னு ரொம்ப நாளாக் குடுக்கிறாங்க. வயிறும் கட்டியிருக்கு, அது இளக ரேவல்சின்னி வேர் ஒரு சிட்டிகை. தண்ணி பாதியா வத்துற வரைக்கும் கொதிக்கவச்சு, வடிகட்டி, காலையும் சாயங்காலமும் சாப்பாட்டுக்கு முன்னாடி. இது பயத்தைப் பிடுங்கி எறிஞ்சிடும்னு நினைச்சுக்காதீங்க. உடம்பு கொஞ்சம் அடங்கினா, மீதியை நீங்க பார்த்துக்கலாம்."

ரயிலில் திரும்பும்போது நோபுயோ பொட்டலத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "எலும்பு, சிப்பி, இஞ்சி. உங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது வைத்தியம் இல்லீங்க, சூப்பு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நினைப்பு அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஊர்ச் சமையலறைகளில் ஒரு பழக்கம் உண்டு. கடல்பாசியும் காய்ந்த மீன் சீவலும் போட்டுக் கொதிக்கவைத்த முதல் தண்ணீர் தெளிந்த சூப்புக்கு. சக்கையைத் தூக்கிப் போடமாட்டார்கள். மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டாம் தண்ணீர் இறக்குவார்கள், அது காய்கறி வேகவைக்க. நோபுயோ இந்த விஷயத்தில் கெட்டிக்காரி. ஒரு பருக்கை வீணானால் உயிர் போய்விடும் அவளுக்கு. அப்படிப்பட்டவள் தினமும் ஒரு கைப்பிடி எலும்பையும் சிப்பியையும் ஒருமுறை கொதிக்கவைத்துவிட்டுக் குப்பையில் கொட்டுவாளா? சக்கையை வலைப்பையில் போட்டு ஃப்ரீஸரில் சேர்த்தாள். நான்கு நாள் சேர்ந்ததும் இரண்டாம் தண்ணீர் இறக்கினாள்.

தெய்ஜி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்போல் வேளை தவறாமல் கஷாயம் குடித்தார். அரை மணி நேரம் கழித்து அதே கஷாயத்தைத் தெரியாமல் சூப்பிலும் குடித்தார். இரண்டாவது வாரத்தில் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு தலை முடிவதற்குள் இரண்டு முறை கத்தரியை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடவேண்டியிருந்தது. சிஹோவும் ஆபீசுக்குப் போகிற வழியில் பாதி தூரத்திலிருந்து திரும்பி வந்தாள், கல்யாணப் படபடப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டருக்கும் புரியவில்லை. "நான் போட்டது ஒரு சிட்டிகைதானே. சரி, அடுத்த பொட்டலத்துல அதைப் பாதியாக் குறைச்சிடுறேன்" என்றார். நோபுயோ பக்கத்தில்தான் இருந்தாள். வாயைத் திறக்காத நாள் அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை என்பதுதான் உண்மை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கின்பெய் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். விருந்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று பேச வேண்டும். போன டிசம்பரிலிருந்து அவர் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார், அது இப்போது நெஞ்சைத் தொட்டது. சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்து மலைச்சாமி வருகிறார் என்று ஒளிந்துகொள்வார்கள். தெய்ஜி அந்தத் தாடியைப் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார்.

நோபுயோ மீனும் முள்ளங்கியும் போட்டு மணக்க மணக்க வேகவைத்திருந்தாள். கின்பெய் மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

"என்னம்மா, லேசாக் கசக்குது?"

"உடம்புக்கு நல்லதுங்க. நிறையச் சாப்பிடுங்க."

மறுநாள் பத்து மணிக்குக் கின்பெய் கடைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தி, 'இன்று விடுமுறை' பலகையைத் தானே மாட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து முள்ளங்கியில என்ன போட்டீங்க?"

தெய்ஜி நோபுயோவைப் பார்த்தார். நோபுயோ தேநீர்த் தட்டைப் பார்த்தாள். "இஞ்சி, சோயா, கொஞ்சம் சர்க்கரை, அப்புறம் இவரோட மருந்துச் சக்கையில ரெண்டாம் தண்ணி."

தெய்ஜிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது, தன் வயிற்றின் மூன்று வாரச் சரித்திரம் உட்பட. "நோபுயோ, அது மருந்து."

"மருந்துதானே, விஷமா? நாலு கால் மிருகத்தோட எலும்பு. ஒருதரம் கொதிச்சா அதுல இருக்கிறது எல்லாமா இறங்கிடும்?"

தெய்ஜி தரையில் மண்டியிட்டுத் தலை தரையில் படும்படி குனிந்தார். சம்பந்தியாகப் போகிறவருக்குப் பேதி கொடுத்தாகிவிட்டது. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பதே அவருடைய கவலை.

"எழுந்திரு. நான் நன்றி சொல்ல வந்தேன்" என்றார் கின்பெய். "பன்னெண்டு நாளா பயத்துல எனக்கு வயிறு அசையல. நேத்துத்தான் கதவு திறந்துச்சு. என் பொண்டாட்டிகிட்டகூட நான் இதைச் சொல்லல."

"என்ன பயம்?" என்றார் தெய்ஜி.

கின்பெய் குரலைத் தாழ்த்தினார், அதாவது மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு. "விருந்து முடிவுல மாப்பிள்ளையோட அப்பா எழுந்து நன்றி சொல்லிப் பேசணுமே. மூத்தவன் கல்யாணத்துல பேச எழுந்தேன். மைக்கைக் கையில வாங்கினதும் நெஞ்சு இப்படி அடிச்சுது, கண்ணு இருட்டுச்சு, செத்துட்டேன்னே நினைச்சேன். ஏழு வார்த்தை சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். எல்லாரும் நான் அழுறேன்னு நினைச்சுக் கைதட்டினாங்க. எட்டு மீட்டர் அலையில நின்னவன் நான். அதுல இப்படி ஒருநாளும் வந்ததில்ல."

தெய்ஜி மெதுவாக மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்தார்.

"தலைவரே, எனக்குச் சுளுக்கு இல்ல."

"தெரியும்."

"அன்னிக்கு உங்க கழுத்தை நான் அறுத்திருப்பேன். ஒரு நொடிதான். இந்தக் கைதான்."

"நீ என்ன சொல்றே? கழுத்து என்னோடது, எனக்குத் தெரியாதா?" கின்பெய் தாடியைத் தூக்கித் தொண்டையைக் காட்டினார். "இடி விழுந்ததும் நீ கத்தியைத் தூக்கிட்டே. ஒரு முழம் தூரம் தூக்கிட்டே. அதுக்கு அப்புறம்தான் நடுங்க ஆரம்பிச்சே. கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருந்தேன். பயந்தவன்தான் நீ, ஆனா உன் கை உனக்கு முன்னாடியே கத்தியை நகர்த்திடுச்சு."

தெய்ஜி அந்த நாளை ஆயிரம் தடவையாவது மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார். எல்லாத் தடவையும் கத்தி கழுத்திலேயே இருந்தது. ஒரு தடவையாவது அது மேலே போனதாக நினைவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"பின்னே ஏன் தாடி வளர்த்தீங்க?" என்று நோபுயோதான் கேட்டாள்.

"வேற கடைக்குப் போனா, இவன் சவரத்துல எனக்கு நம்பிக்கை போச்சுன்னு ஊர் பேசும். இவனுக்குச் சரியாகட்டும்னு இருந்தேன். இவ்வளவு நாளாகும்னு தெரியாது, அரிக்குது. எடு கத்தியை."

"நடுவுல வந்துட்டா?"

"வந்தா தூக்கு. போனதும் வை. எனக்கு இன்னிக்கு வேற வேலையில்ல."

அந்தச் சவரம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. தெய்ஜிக்கு மூன்று முறை படபடப்பு ஏறியது. மூன்று முறையும் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிப்போகவில்லை. அவர் நிற்கிற நேரமெல்லாம் கின்பெய் நுரைக்குள்ளிருந்து, "இன்று இந்த விழாவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே" என்று பேச்சை ஆரம்பித்துப் பார்த்தார். 'பெரியோர்களே'வுக்கு அடுத்து என்ன என்பது அவருக்கு ஒரு தடவையும் வரவில்லை. நோபுயோ சூடான துண்டோடு பக்கத்தில் நின்று, "நடுங்குறவருக்கு நல்லாயிடும் போல இருக்கு, பேசுறவர்தான் தேறமாட்டார்" என்றாள்.

அந்த வாரம் ஹிராசாவா டாக்டரிடம் நோபுயோவே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, சக்கை இனிமேல் குப்பைக்குத்தான் போகவேண்டும், விருந்தாளிகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். தெய்ஜியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இந்த முறை பட்டை ஒன்றுதான் இருந்தது.

"இன்னும் துடிக்குது. சத்தம் குறைஞ்சிருக்கு."

"முழுசா நிக்காதா டாக்டர்?"

"என்னோடதும்தான் துடிக்குது" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை வந்தது. விடியும்போதே வானம் கடல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்குச் சவரம் என்று கதவில் எழுதி ஒட்டி, கடையைப் பூட்டிக்கொண்டார்கள். சிஹோ நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, முதுகு சாய்கிற மெத்தையில் கைகளை மடித்து வைத்து, நெற்றியை அதன்மேல் கவிழ்த்தாள். தெய்ஜி அவள் தலைமுடியை மேலே வாரிக் கட்டினார். நுரையைப் பிடரியில் தடவினார். கஷாயம் வேளைக்குக் குடித்திருந்தார். குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

முதல் இழுப்பு காதுக்குப் பின்னாலிருந்து கீழே வந்தது. நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்குக் கத்தியை வைத்ததும் அந்தக் குளிர்காலத்து முதல் இடி துறைமுகத்தின் மேல் விழுந்தது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் கதவுகள் திறந்தன, யாரோ புரி மீன் வந்தாச்சு என்று கத்திக்கொண்டு ஓடினார்கள், படகுகளில் சங்கு ஊதினார்கள். எல்லாக் கூச்சலையும் மீறிக் கின்பெய்யின் சிரிப்பு கேட்டது. தெய்ஜி கண்ணாடியில் தன் கையைப் பார்த்தார். அது ஏற்கனவே ஒரு முழம் மேலே இருந்தது. அதற்குப் பிறகுதான் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. முழங்கால் ஆடியது, வியர்வை கண்ணில் இறங்கியது, துவைக்கும் இயந்திரம் இருக்கிற பக்கம் கால் தானாகத் திரும்பியது. இரண்டாவது இடியும் விழுந்தது.

"பயப்படாதேம்மா. அப்பா கத்தியைத் தூக்கிட்டேன்" என்று மகளுக்குச் சொன்னார். குரல் பாதிதான் வந்தது.

நோபுயோ பக்கவாட்டில் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாகக் கல்யாண வேலையில் கண் மூடாத பெண், வாயை லேசாகத் திறந்துகொண்டு, பிடரியை அப்பாவின் கத்திக்குக் கீழே கொடுத்துவிட்டு, அத்தனை இடியிலும் அசையாமல் கிடந்தாள்.

நோபுயோ உதட்டில் விரலை வைத்தாள். "தூங்குறா. சத்தம் போடாம நடுங்குங்க."

தெய்ஜி சத்தம் போடாமல் நடுங்கினார். நடுக்கம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து மறுபடி மகளின் பிடரியில் வைத்தார்.